காலர்த் தையல்

ஆஸர் மாதம் 4

என் கண்ணே ஜம்ஷீத்,

உன் நோவெல்லாம் எனக்கு வரட்டும். நீ நலமா? நாங்கள் நலம்.

கைபேசி கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று உங்கள் போதை மீட்பு விடுதிக்காரர் ஃபத்தாஹ் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுத்தறிவு வகுப்பில் டீச்சர் ஒருமுறை மகனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். மகன் பக்கத்திலேயே உட்கார்ந்து என் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தான். இப்போது திருத்த ஆளில்லை, நீயே பொறுத்துக்கொண்டு படி. கரமலி வியாழக்கிழமைதோறும் உங்கள் விடுதிக்குக் காய்கறி ஏற்றி வருகிறான் அல்லவா, அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு. வெங்காய மூட்டைக்கு அடியில் போட்டுவிடாதே என்று சொல்லிவை. அவன் மறதிக்காரன்.

அன்றைக்கு வாசல் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நீ நின்றாய். விடுதி வண்டியில் வந்த இரண்டு பேர் இழுத்தும் விடவில்லை. "அம்மா, நீங்க சொன்னா விட்டுருவாங்க, சொல்லுங்கம்மா" என்றாய். நான் சொல்லவில்லை. உன் விரல்களை ஒவ்வொன்றாக நானே பிரித்துவிட்டேன். மாவு பிசையும்போதெல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ரொட்டி கருகிப்போகிறது.

தோட்டத்தைப் பற்றி நீ கவலைப்படாதே. கிணற்று மோட்டார் போனபின் மேற்கு வரிசைப் பிஸ்தா மரங்கள் பட்டுப்போனது உனக்கே தெரியும். மற்றதெல்லாம் பிழைத்துவிட்டன. மோட்டாரைப் பற்றி எழுதவே கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன். அடித்தால் காகிதம் அசிங்கமாகிவிடும், இருக்கட்டும்.

உன் அப்பா நலம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை, கணப்பின் முன்னால் உட்கார்கிறார். எப்போதும்போல அபின் குழாய், கற்கண்டு டீ, வந்துபோகும் நாலு பேர். உன் பெயரை மட்டும் எடுப்பதில்லை. நீ போனதிலிருந்து ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

ஒழுங்காக இருந்தால் வசந்தத்தில் வரும் நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முன் அனுப்பிவிடுவோம் என்று ஃபத்தாஹ் சொன்னார். புத்தாண்டு விரிப்பில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

உன் அம்மா
கோலந்தாம்

*

ஆஸர் மாதம் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கையை முத்தமிட்டு எழுதுகிறேன். கடிதத்தில் வெங்காய வாசம் அடித்தது. கரமலி அடியில்தான் போட்டிருக்கிறான்.

உங்கள் பிழைகளைத் திருத்தவில்லை. அந்தத் தகுதி எனக்குப் போய்விட்டது.

முதல் வாரங்களைப் பற்றி எழுத மாட்டேன். நீங்கள் படிக்க வேண்டாம். இப்போது சாப்பிடுகிறேன், கொஞ்சம் தூங்குகிறேன். ஃபத்தாஹ் அண்ணனும் ஒரு காலத்தில் போதையில் பாலத்தடியில் கிடந்தவர். அதனால் அவரிடம் பொய் சொன்னால் எடுபடுவதில்லை. நாம் வாயைத் திறக்கும் முன்பே "அடுத்த பொய்யைச் சொல்லு" என்கிறார்.

என் அறையில் யதுல்லா என்று ஒரு லாரி டிரைவர். பந்தர் அப்பாஸுக்கும் மஷ்ஹதுக்கும் நடுவே ஆயுள் முழுக்க ஓட்டியவர். தூக்கம் வராமலிருக்க அபின், அப்புறம் தூக்கம் வர அபின். அவருடைய மகள் மர்ஸியே அவரோடு பேசியே பல வருஷம் ஆகிறதாம். என்னைப் பார்த்த முதல் நாளே, "தம்பி, உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே குணமாயிரும் போல இருக்கு. இவ்ளோ கேவலமா நான் இல்லடா சாமி" என்றார். சிரித்துவிட்டேன். எவ்வளவோ நாள் கழித்துச் சிரித்தேன்.

குளிர்தான் தாங்கவில்லை. மலையடிவாரம், சுவரெல்லாம் ஈரம். அதோடு கீழ்க் கடைவாய்ப் பல் வலி. நான் புகைத்த அந்தக் கண்ணாடிப் பொடி போதை என் பற்களை எல்லாம் அரித்துவிட்டது. இங்கே வலிமாத்திரைகூட எண்ணித்தான் தருவார்கள், பலமானது எதுவும் கிடையாது. வலிக்கும்போது சுவரில் கன்னத்தை வைத்துக்கொள்கிறேன். சின்ன வயசில் பல் வலித்தால் அப்பா என்னை மடியில் போட்டுக் கன்னத்தில் சூடாக அபின் புகையை ஊதுவார், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் புகையின் இனிப்பு இப்போதும் நாக்கில் இருக்கிறது. அதை நினைக்கக் கூடாது என்கிறார்கள். நினைப்பு கேட்கிறதா?

மோட்டாரை நீங்கள் எழுதியது நல்லதுதான் அம்மா. விற்றுப் பொடி வாங்க அதைக் கழற்றும்போது அப்பா கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டு, "யாருடா அது?" என்றார். "நான்தாம்ப்பா, கிரீஸ் போடறேன்" என்றேன். "நல்லாப் போடு ராசா" என்றார். அந்தக் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஏற்காவிட்டாலும் சொல்லுங்கள்.

உங்கள்
ஜம்ஷீத்

*

ஆஸர் மாதம் 19

என் கண்ணே,

உன் நோவெல்லாம் எனக்கு வரட்டும், முக்கியமாக அந்தக் கடைவாய்ப் பல் நோவு.

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் காது கேளாதவள் மாதிரி வாசித்துக்கொண்டே போனேன். பல்வலி வந்த இடத்தில் குழாயைக் கீழே வைத்தார். கிரீஸ் போட்ட இடத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் முடித்ததும் எழுந்து போய் ஆணியில் தொங்கிய தன் கம்பளிக் கோட்டை எடுத்து வந்து என் முன்னால் போட்டார்.

"அவனுக்குக் குளுருதாம்ல. குடுத்தனுப்பு" என்றார்.

"உங்களுக்கு?"

"எனக்கென்ன, நெருப்புப் பக்கத்துலதான கெடக்கேன்."

அவன் என்று சொன்னார் ஜம்ஷீத். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கோட்டும் கொஞ்சம் பேரீச்சம்பழ ரொட்டியும் அனுப்பியிருக்கிறேன். ரொட்டியில் கருஞ்சீரகம் தூக்கலாக இருக்கிறது, நீ அப்படித்தான் கேட்பாய். விடுதியில் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று கரமலி சொன்னான். பார்க்கட்டும். கோட்டின் பைகளை எல்லாம் நானே உதறிக் காலி செய்துவிட்டேன். காலரைத் தூக்கிவிட்டு, கழுத்தை மூடிப் போட்டுக்கொள். அந்தக் கோட்டை வேறு யாருக்கும் இரவல் தராதே.

உன் அம்மா
கோலந்தாம்

*

ஆஸர் மாதம் 26

அன்புள்ள அம்மாவுக்கு,

கோட்டு வந்தது. ஃபத்தாஹ் அண்ணனின் ஆட்கள் பைகளைத் துழாவினார்கள், மடிப்பைத் தட்டினார்கள், ரொட்டியில் இரண்டைச் 'சோதனை' என்று சொல்லித் தின்றார்கள். பிறகு கொடுத்தார்கள்.

போட்டுக்கொண்டதும் என்ன ஆயிற்றென்று சொல்லவா? காலரில் முகத்தைப் புதைத்தேன், எழுந்திருக்க முடியவில்லை. நம் வீட்டு நடு அறை அப்படியே இருந்தது அம்மா. கரி, டீ, அப்பாவின் தலை எண்ணெய், அப்புறம் அதுவும். சட்டென்று வாயில் எச்சில் ஊறியது. அழுகையும் வந்தது. எது எதனால் என்று எனக்கே தெரியவில்லை. யதுல்லா, "என்னடா, கோட்டுக்குள்ள பொண்ணு யாராச்சும் இருக்காளா?" என்றார்.

அப்பா தன் கோட்டைக் கொடுத்தாரா? நானா உரிமையாகக் கேட்டேன்? ஊரில் ஒவ்வொரு சாவுக்கும் கல்யாணத்துக்கும் அவர் போட்டுப் போகும் கோட்டு. மோட்டாரைத் திருடியவனுக்கு அதைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். இதை நான் எப்படிப் போட்டுக்கொள்வது? குளிர்வதால் போட்டுக்கொள்கிறேன். வெட்கம் ஒருபக்கம், சூடு ஒருபக்கம்.

ஒரு நல்ல செய்தி. யதுல்லாவின் மகள் வருகிறாளாம்! அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தன் குழந்தையோடு. தாத்தாவை அந்தக் குழந்தை பார்த்ததே இல்லை. மனிதர் பைத்தியம் பிடித்தவர் மாதிரி திரிகிறார். தினமும் சவரம் செய்துகொள்கிறார். "தம்பி, குழந்தைங்க கிட்ட என்னடா பேசணும்? லாரியப் பத்திப் பேசலாமா?" என்று என்னைக் கேட்கிறார்.

உங்கள்
ஜம்ஷீத்

*

தெய் மாதம் 3

என் கண்ணே,

உன் நோவெல்லாம் எனக்கு வரட்டும்.

கோட்டு போட்டுக்கொண்டாய் என்று எழுதியிருந்தாய். நல்லது. காலர் கழுத்தை உறுத்தவில்லையே? பழைய கோட்டு, உள்ளே கம்பளி கட்டிக்கொண்டிருக்கும். உறுத்தினால் கையை வைத்து நோண்டாதே, அப்படியே விட்டுவிடு. இல்லை, திருப்பி அனுப்பிவிடு, வேறு அனுப்புகிறேன். உடனே அனுப்பினாலும் சரிதான். பல்வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை.

இங்கே பனி பெய்தது. அப்பா கோட்டு இல்லாமலேயே ஒரு சாவு வீட்டுக்குப் போய்வந்தார். "எங்கய்யா கோட்டு?" என்று நாலு பேர் கேட்டார்களாம். "மகன் போட்டுக்கிட்டுப் போயிருக்கான்" என்று சொன்னாராம். மகன் என்றார், ஜம்ஷீத்! கரமலிதான் வந்து சொன்னான்.

எனக்குக் கொஞ்ச நாளாகத் தூக்கம் சரியில்லை. ஒன்றும் இல்லை, வயசு. கோட்டைப் பற்றி ஒரு வரி எழுது.

உன் அம்மா
கோலந்தாம்

*

தெய் மாதம் 24

அம்மா,

மூன்று வியாழக்கிழமை கரமலியை வெறுங்கையோடு அனுப்பினேன். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

காலர் உறுத்தியது. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே உறுத்தியது. விரலால் தடவினேன், உள்ளே அவரைக்கொட்டை அளவில் ஏதோ கெட்டியாக இருந்தது. அபின் என்று பிரிக்காமலே தெரிந்துவிட்டது. மூக்குக்குத் தெரியும், நாக்குக்குத் தெரியும். கோட்டை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.

அன்றே ஃபத்தாஹ் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தேன். தின்னவில்லை அம்மா, சத்தியமாகத் தின்னவில்லை. ஆனால் அது இருக்கிறது என்பதே ஒரு தைரியமாக இருந்தது. பல் வலித்தால் இருக்கிறது, பொறுக்க முடியாவிட்டால் இருக்கிறது. எல்லோரும் வெறுங்கையோடு போராடிக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் தலைக்கடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் எழுந்து நின்று 'இன்றும் சுத்தமாக இருக்கிறேன்' என்று சொன்னேன். கை தட்டினார்கள்.

கடைசியில் ஒரு நாள் எறிந்துவிடலாம் என்று கழிப்பறைக்குப் போனேன். தையலைப் பிரித்துக் கையில் எடுத்தேன். போடக் கை வரவில்லை. அது எனக்கு வேண்டும் என்பதால் மட்டும் இல்லை. கீழே கிடக்கும் ரொட்டியை யாராவது மிதிப்போமா? எடுத்து முத்தமிட்டு ஓரமாக வைப்போம். நம் வீட்டில் அபினும் அப்படித்தானே? வந்தவருக்கு முதலில் அது, காது வலிக்கு அது, சாவு வீட்டுக்கு அது. அதை எறிந்து நான் பார்த்ததே இல்லை. அப்படியே உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

யதுல்லா கட்டிலில் குறுகிக் கிடந்தார். மகள் வரும் நாள் நெருங்க நெருங்க அவர் உடம்பு கேட்கவில்லை. "எலும்புக்குள்ள யாரோ ரம்பம் போடறாங்கடா தம்பி. இப்பிடியே போயி குழந்தை முன்னால நின்னா பயந்துராதா?" என்றார். கண்ணில் தண்ணீர். நான் கையை நீட்டினேன்.

"இந்தாங்க அண்ணே. சின்னத் துண்டுதான். வலிக்கு."

சொல்லிவிட்டு என் குரலைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். அது அப்பாவின் குரல். வாசலில் வருகிறவரிடம் அவர் சொல்வது இதே வார்த்தைகள், இதே தணிவு. அந்த நேரத்தில் நான் கெட்டது செய்வதாக எனக்குத் தோன்றவே இல்லை அம்மா. விருந்தாளியைக் கவனிப்பது போலத்தான் இருந்தது.

மறுநாள் எல்லோருக்கும் சிறுநீர்ச் சோதனை. யதுல்லா மாட்டிக்கொண்டார். எங்கிருந்து வந்தது என்று எவ்வளவோ கேட்டார்கள். "வானத்துலேருந்து விழுந்துச்சு" என்றார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரை வெளியே அனுப்பினார்கள், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அவரை வழியனுப்பக்கூட எழுந்திருக்கவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு சூடாக உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மர்ஸியே வந்தாள். சிவப்புக் குல்லா போட்ட குழந்தை. கையில் துணி சுற்றிய பாத்திரம், தன் அப்பாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் கூட்டாம். ஃபத்தாஹ் அண்ணன் வாசலில் நின்று ஏதோ சொன்னார். அவள் அழவில்லை. "எனக்குத் தெரியும். எங்கம்மா அப்பவே சொன்னாங்க. நான்தான் கேக்கல" என்று மட்டும் சொன்னாள். பாத்திரத்தை அப்படியே வாசலில் வைத்துவிட்டுப் போனாள். குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

நான் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஃபத்தாஹ் அண்ணன் அடிக்கவில்லை, திட்டவில்லை. "குடுக்கறதுதான்டா உங்க ஊரு நோயி. திங்கறது அப்புறம்தான்" என்றார். என்னை வெளியே அனுப்பவும் இல்லை. முதல் அறைக்கு, புதிதாக வந்தவர்களோடு தரையில் படுக்க அனுப்பினார். மறுபடி ஆரம்பத்திலிருந்து.

ஒன்று கேட்க வேண்டும். அப்பா வைத்திருப்பார் என்று உடனே புரிந்தது. அவருக்கு அன்பு என்றால் அதுதான், வேறு எதைக் கொடுக்கத் தெரியும்? ஆனால் தையலைப் பிரிக்கும்போது பார்த்தேன். அப்பா ஊசி பிடித்து நான் பார்த்ததில்லை. அந்தத் தையல் நெருக்கமாக, நூல் வெளியே தெரியாமல், முடிச்சு உள்பக்கம் மறைந்து இருந்தது. கம்பளித் துணியில் இந்த மாதிரிப் பூ வேலை செய்கிற கை நம் தெருவில் ஒன்றுதான்.

அம்மா, அது உங்கள் தையலா?

ஜம்ஷீத்

*

பஹ்மன் மாதம் 2

ஜம்ஷீத்,

என் தையல்தான்.

இத்தோடு நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். நீ முழுக்கச் சொல்லிவிட்டாய், நானும் சொல்லத்தான் வேண்டும்.

கோட்டை என் முன்னால் போட்டாரே, அதற்கு மறுநாள் நான் தோட்டத்திலிருந்து வந்தபோது உன் அப்பா கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, என் ஊசிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காலரைத் தைத்துக்கொண்டிருந்தார். விரலில் ரத்தம். என்னைப் பார்த்ததும் திருட்டுப் பூனை மாதிரி முழித்தார். "பல்லு வலிக்குதுன்னு எழுதியிருக்கான் புள்ள. அங்க மாத்திரையே தரமாட்டானுங்களாம். ஒரு கடுகளவு வச்சேன், வலி வந்தா நாக்குல போட்டுக்கட்டும். பொடிதான் வெசம். இது மருந்து. இது யாரைக் கொன்னுச்சு?" என்றார்.

எனக்குத் தெரியும் ஜம்ஷீத். தெரியாது என்று சொல்ல மாட்டேன். உன் விரல்களைக் கதவிலிருந்து பிரித்தவள் நான். எதற்காகப் பிரித்தேன் என்று எனக்கு மறந்துபோகுமா? வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர், "ஜம்ஷீது பாவம்" என்றார். பெயரைச் சொன்னார். மோட்டார் போனதிலிருந்து அவர் வாயில் வராத பெயர். ஊசி குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார். என்னால் அந்தக் கோட்டை அவர் கையிலிருந்து பிடுங்க முடியவில்லை. நீங்கள் இருவரும் சேர்ந்துவிட்டீர்கள் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நான் விட விரும்பவில்லை.

அவர் தையல் கோணல்மாணலாக இருந்தது. சோதனையில் தெரிந்துவிடும், வழியில் அவிழ்ந்து விழுந்துவிடும் என்று பட்டது. அவர் தூங்கிய பிறகு பிரித்து, நானே ஒழுங்காகத் தைத்தேன். நூல் வெளியே தெரியாமல். முடிச்சை உள்ளே வைத்து. நன்றாகத் தைத்தேன் மகனே. பாதி வேலையில் எனக்கு அது என்ன என்பதே மறந்துபோய், தையல் நேராக வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னை மறுபடி தரையில் படுக்க வைத்தவள் நான். மர்ஸியேவை வெறும் வாசலில் நிற்கவைத்தவள் நான். உன் அப்பாவுக்குப் புரியாது, அவரை விட்டுவிடு. எனக்குப் புரிந்தது. என்ன திட்ட வேண்டுமோ திட்டி எழுது.

கோலந்தாம்

*

பஹ்மன் மாதம் 17

அன்புள்ள அம்மாவுக்கு,

திட்ட எழுதவில்லை. நான் யாரைத் திட்டுவது?

யதுல்லா திரும்பி வந்துவிட்டார். ஃபத்தாஹ் அண்ணன் கெர்மான் பஸ் நிலையத்து டீக்கடையில் கண்டுபிடித்து இழுத்து வந்தார். பாதி ஆளாகிவிட்டார். என் பக்கத்திலேயே தரையில் படுக்கிறார். வந்ததும் கேட்டது, "பொண்ணு வந்தாளா?" வந்தாள் என்றேன். "குழந்தை?" வந்தது என்றேன். "யாரு மாதிரி இருக்கு?" என்றார். உங்க மாதிரி, என்றேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். பிறகு எப்போதோ போர்வைக்குள்ளிருந்து, "உங்கப்பன் சரக்கு நல்ல சரக்குடா. என் குடும்பத்தையே வாங்கிருச்சு" என்றார். அவர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. கோட்டை அவர்மேல் போர்த்தினேன். காலரைக் கத்தரித்து அடுப்பில் போட்டாயிற்று.

அம்மா, நவ்ரூஸுக்கு முன் என்னை அனுப்புகிறார்கள். எங்கே போகிறாய் என்று ஃபத்தாஹ் அண்ணன் கேட்டார். வீட்டுக்கு என்றேன். "வீட்ல கணப்பு எரியுதா?" என்றார். யஸ்த் நகரத்தில் அவருக்குத் தெரிந்த ரொட்டிக்கடை ஒன்று இருக்கிறது, தங்க இடமும் தருவார்களாம். வேண்டாம், வீட்டுக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்திருக்கிறேன்.

கோட்டின் வாசத்துக்கே நான் ஆடிப்போனேன். கணப்பு எரிகிற அறையைத் தாண்டி என் அறைக்குப் போக என்னால் முடியாது. தைரியம் இருப்பதாகச் சொன்னால் அது பொய். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பாவும் விட வேண்டும். கெர்மானில் அரசு மருத்துவமனையில் வயசானவர்களுக்கு மெல்ல மெல்ல நிறுத்த மருந்து தருகிறார்கள், ஆபத்தில்லாமல். ஃபத்தாஹ் அண்ணனே கூட வருகிறேன் என்கிறார். திடீரென்று நிறுத்தவிட வேண்டாம், அவர் இருதயம் தாங்காது என்றும் சொல்கிறார். இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் மாட்டேன் என்றால் எனக்கு எழுதுங்கள். உண்மையை எழுதுங்கள்.

புத்தாண்டு விரிப்பில் உங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும் அம்மா. எனக்கும் வேறு ஒன்றும் வேண்டாம்.

உங்கள்
ஜம்ஷீத்

*

இஸ்ஃபந்த் மாதம் 16

என் கண்ணே ஜம்ஷீத்,

உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். யதுல்லாவின் கதையையும் சேர்த்து. உன் அப்பா கேட்டு முடித்துவிட்டு, "அந்தக் குழந்தைக்கு என்ன வயசிருக்கும்?" என்றார். தெரியாது என்றேன். எழுந்து போய்க் கணப்பின் சாம்பலை மேற்கு வரிசைப் பட்டமரத்தடியில் தானே கொட்டினார். குழாயை என்னிடம் கொடுத்து, "பெட்டியில வச்சுப் பூட்டு" என்றார். நான் அன்றைக்கே உன் அறையை வெள்ளையடித்தேன், ஜம்ஷீத். திரைச்சீலையைத் துவைத்தேன்.

மருத்துவமனைக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். அங்கேதான் அவர் கெட்டார். "போதைக்காரனுங்களோட நானும் வரிசையில நிக்கணுமா? எந்தப் பயலாவது பாத்தா? இந்த ஊர்ல எத்தனை பஞ்சாயத்து பண்ணியிருக்கேன். நானா விட்டுக்காட்டறேன் பாரு" என்றார். நிஜமாகவே விட்டார். அவரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். போர்வைக்கு மேல் போர்வை போட்டும் நடுங்கினார். கால்களைச் சுவரில் உதைத்தார். தின்றது எதுவும் தங்கவில்லை. சுகாதார நிலையத்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இப்படியே விட்டால் இருதயம் நின்றுவிடும், மருத்துவமனைக்குத் தூக்குங்கள் என்றார். தூக்கப்போனவர்களைக் கடித்தார் உன் அப்பா. மறுநாள் மூச்சு விடவே திணறினார். என்னை யாரென்று தெரியாமல், செத்துப்போன தன் அம்மாவைக் கூப்பிட்டார்.

அவர் குழாயைக் கேட்கவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அவர் கேட்கவே இல்லை. நான்தான் பெட்டியைத் திறந்தேன். கம்பிக்கூடையில் கரியைப் போட்டுப் பற்றவைத்து, முற்றத்தில் நின்று சுழற்றினேன், கல்யாணமான நாளிலிருந்து சுழற்றுவது போல. கரி சிவந்ததும் கொண்டுபோய்க் குழாயை அவர் வாயருகே பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "கோலந்தாம், நீயா?" என்றார். ஒரு டீ கேட்டார்.

உண்மையை எழுதச் சொன்னாய். கணப்பு எரிகிறது. இனி அணையாது. அவரை விட்டுவிட்டு நான் உன்னோடு வரவும் முடியாது. மருத்துவமனைக்குப் போக வாரம் தவறாமல் நச்சரிப்பேன், ஆனால் அதை நம்பி உன்னைக் கூப்பிட மாட்டேன்.

நீ வீட்டுக்கு வராதே.

இந்த வரியை எழுதக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு உன் விரலைப் பிரித்தபோதாவது, திரும்பி வருவாய் என்று மனசில் ஒரு மூலையில் இருந்தது. யஸ்துக்குப் போ. ரொட்டிக்கடையில் சேர். நான் செத்தேன் என்று செய்தி வந்தாலும் இந்த வீட்டுக்கு வராதே. சாவு வீட்டில் முதலில் என்ன கொடுப்பார்கள் என்று உனக்குத் தெரியும்.

உன்னை அனுப்பும் அன்றைக்குக் கெர்மான் பஸ் நிலையத்துக்கு வருகிறேன். யஸ்து பஸ் நிற்கும் இடத்தில் இருப்பேன். தலையோடு போர்த்தும் என் சாதரைப் பக்கத்து வீட்டில் துவைத்து, அவர்கள் மாடியிலேயே உலர்த்தி, அங்கிருந்தே போர்த்திக்கொண்டு வருவேன். பேரீச்சம்பழ ரொட்டியையும் அவர்கள் அடுப்பில் சுட்டுக்கொள்கிறேன். நம் வீட்டு வாசம் எதிலும் இருக்காது. பயப்படாமல் என்னைக் கட்டிக்கொள்ளலாம். மர்ஸியேவின் வீடு எங்கே என்று யதுல்லாவிடம் கேட்டுவை. உன் பஸ் போனதும் அவளிடம் போகப்போகிறேன். 'உங்கள் அப்பா தானாக வாங்கித் தின்னவில்லை, நான் தைத்து அனுப்பினேன்' என்று அவள் வாசலில் நின்று சொல்ல வேண்டும். கதவைச் சாத்தினாலும் சரி.

உன் நோவெல்லாம் எனக்கு வரட்டும் என்று எழுதி எழுதியே பழகிவிட்டேன். இந்தத் தடவை அதை எழுதவில்லை. எங்கள் நோவு உனக்கு வராமல் இருக்கட்டும்.

உன் அம்மா
கோலந்தாம்

இதை மடித்துக்கொண்டிருந்தபோது உன் அப்பா கணப்புப் பக்கத்திலிருந்து கூப்பிட்டு, "பல்லு வலி தேவலையான்னு கேட்டியா? அவன் அதப் பத்தி எழுதவே இல்லியே" என்றார். கேட்கிறேன். தேவலையா?